ஆடை வடிவமைப்பாளர் பெயர்களும் தமிழ் ஒலிப்பும்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவில் வெளியூர் வடிவமைப்பாளர்களின் பங்கு வளர்ந்துவரும் நிலையில், அவர்களுடைய பெயர்களையும் அவர்கள் முன்னோடிகளாகக் கருதும் ஐரோப்பியர், ஜப்பானியர் பெயர்களையும் எவ்வாறு ஒலிப்பது, தமிழில் எவ்வாறு எழுதுவது என்பதில் இத்துறையினர் தெளிவு பெற்றாக வேண்டும். ஒருவருடைய பெயரை அவர் தாய்மொழியினர் ஒலிப்பதுபோல் ஒலிப்பதே முறை. ஆங்கில ஒலிப்பை இடையில் நிறுத்திக்கொள்ள வேண்டிய தேவை தமிழருக்கு இல்லை.

தமிழில் வல்லின எழுத்து இரட்டிக்கும்போது வன்மையாகவும், இரண்டு உயிர்களுக்கு இடையே தனித்து வரும்போது நெகிழ்ந்தும் ஒலிப்பதால், 'மியாகே' என்று எழுதினால் படிப்பவர் ககரத்தைத் தளர்த்திவிடுவார். ஆகவே ஜப்பானியக் கலைஞரின் பெயரை 'இஸ்ஸே மியாக்கே' என்று ஒற்றுச் சேர்த்து எழுதுவதே பொருந்தும். இத்தாலியப் பெயர்களில் தமிழருக்குக் கூடுதல் வசதி உண்டு. இரட்டித்த மெய்யை அழுத்தி ஒலிக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் இல்லை, இத்தாலியத்திலும் தமிழிலும் உண்டு என்பதால், 1921-இல் ஃபுளோரன்ஸ் நகரில் தொழில் தொடங்கிய குச்சோ குச்சியின் பெயரிலுள்ள 'ச்சி' எழுதியவாறே ஒலிக்கும்; முதலெழுத்தை மட்டும் 'குரு' என்னும் வடசொல்லில் வருவதுபோல் மென்மையாக ஒலித்தால் போதும். இத்தாலியத்தில் ஈற்று உயிர் மறையாது என்பதால் 'வெர்சாச்சே' என ஏகாரத்தில் முடிப்பதே சரி. பிரெஞ்சு மொழியில் ஹகரம் ஒலிப்பதில்லை. 1837-இல் பாரிசில் குதிரைச் சேணப் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் 'எர்மெஸ்' ஆகும், 'ஹெர்மிஸ்' அன்று. 'கிவென்சி' எனப் பலர் படிக்கும் பெயரும் 'ஜிவான்ஷி' என்பதற்கு நெருக்கமானது.

கொல்கத்தாவைச் சேர்ந்த சப்யசாச்சி முகர்ஜியின் பெயர், அர்ச்சுனனைக் குறிக்கும் 'ஸவ்யஸாசி' என்ற வடசொல்லே ஆயினும், வங்காளத்தில் ஸகரம் ஷகரமாகவும் அகரம் ஒகரத்தை ஒட்டியும் ஒலிப்பதால் அங்கு அது 'ஷொப்போஷாச்சி' என்றே வழங்குகிறது.

கருவிப் பெயர்களுக்கு இவ்விதியை நீட்டுவது தவறு. லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்காரின் பெயரில் ஈற்று டகரம் பிரெஞ்சில் ஒலிப்பதில்லை. ஆனால் அவர் 1804-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு இழைகளைத் தூக்கும் பொறி, நெசவாளரிடையே 'ஜக்கார்டு' என்றே நிலைபெற்றுவிட்டது. அதைத் திருத்த முனைவது வீண் வேலை. கருவியின் பெயர் அதைக் கையாள்பவருக்குச் சொந்தம், மனிதரின் பெயரோ அவருக்கே உரியது.

இந்தக் கவனம் காஞ்சிக்கும் கிடைத்தாக வேண்டும். மெல்லினத்தை அடுத்த சகரம் மென்மையாக ஒலிப்பதால், 'காஞ்சி' என்பதை 'ஜி'யை ஒட்டி ஒலிப்பதில் பிழையில்லை. 'புரம்' என்பதை 'வரம்' ஆக்கியது மட்டுமே, ஆங்கிலேயர் ஆட்சிக்கால எழுத்து வழக்கின் எச்சமாக, 'காஞ்சிவரம்' என்னும் விற்பனைப் பெயரில் தங்கிவிட்ட சிதைவு. புவிசார் குறியீட்டுப் பதிவில் 'காஞ்சிபுரம் பட்டு' என்ற பெயரே உள்ளது. ஊர்ப் பெயராவது பட்டியல்களில் இடம்பெறுகிறது. பாவையும் ஊடையையும் இணைத்துக் கரையையும் உடலையும் கோர்வையாக நெய்தவரின் பெயர் பெரும்பாலும் அச்சேறுவதே இல்லை. பாரிசுப் பெயரைப் பிழையின்றிச் சொல்லப் பழகும் துறையினர், சேலையுடன் செல்லும் சீட்டில் நெசவாளர் பெயரையும் அவரிடமே கேட்டு, அவர் ஒலிப்பதுபோலவே தமிழில் எழுதும் வழக்கத்தை இனியேனும் தொடங்க வேண்டும்.