பத்து டாலர் தோட்டா



எம்மிடம் சாதாரண தரம் வரை விஞ்ஞானம் படித்த பிள்ளையொருவர் இப்போது அமெரிக்காவில். இந்த வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போக அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கிறார். "சேர், ஈயத் தோட்டா ஒன்று இரண்டு டாலர் வரும். டங்ஸ்டன் தோட்டா பத்து டாலர். அவ்வளவு கொடுக்கலாமா?" என்று வட்ஸ்அப்பில் கேட்டார். துவக்குக்கும் எமக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் சிரித்தோம். பிறகு பார்த்தால், இது நாம் கரும்பலகையில் எழுதிய அடர்த்திப் பாடம்தான்.

ஒரு கன சென்ரிமீற்றர் ஈயம் 11.3 கிராம். இந்த டங்ஸ்டன் சன்னம் 18 கிராம் அளவில். அதனால் 9ஆம் இலக்கப் பொடிச் சன்னமே 5ஆம் இலக்க ஈயத்துக்கு நிகராகத் துளைக்கும். அதே நிறையில் எண்ணிக்கையோ இரண்டு மடங்குக்கு மேல். வான்கோழிக்கு உடம்பில் சுடுவதில்லை, இறகும் நெஞ்சுத் தசையும் தாங்கிக்கொள்ளும். தலையும் கழுத்தும்தான் குறி. அந்தச் சின்ன இடத்தில் சன்னம் கூட விழுந்தால் பறவை அந்த இடத்திலேயே முடியும். ஆக, பத்து டாலரில் ஏமாற்று இல்லை.

ஆனாலும் வாங்க வேண்டாம் என்றே சொன்னோம். 40 யார் என்பது அங்கே பழைய வேட்டைக்காரர்கள் வைத்த எல்லை. விலை கூடிய தோட்டா கையில் இருந்தால் 60 யாரிலும் விரல் துடிக்கும். தூரத்தைக் கண்ணால் மட்டிடுவதில் வரும் பிழையையும், பறவை தலையைத் திருப்புவதையும் டங்ஸ்டன் திருத்தாது.

எமது சின்ன வயதில் வயலுக்கு வந்த பன்றிக்குத் தூரத்தில் வைத்து ஒருவர் வெடி வைத்தார். விடிய இரத்தத் தடம் பற்றைக்குள் போனது. மூன்றாம் நாள் நாற்றம் வந்துதான் கண்டுபிடித்தோம். அந்த மூன்று நாளும் அது எங்கே கிடந்து துடித்ததோ! அறுக்கும் பிராணிக்குக் கத்தியைத் தீட்டச் சொன்ன மார்க்கம் நமது. (சன்னம் பட்டு இறந்த பறவை ஹலாலா என்பதை ஆலிம்களிடம் கேட்கச் சொன்னோம், அது எமது பாடமல்ல.)

சின்ன 410 துவக்கைத் தூக்கும் பிள்ளைக்கு இந்தத் தோட்டா பெரிய உதவி, அதை மறுக்க மாட்டோம். கலிபோர்னியாவில் என்றால் 2019 முதல் ஈயத்தால் வேட்டையாடவே முடியாது; அங்கே கேள்வியே வேறு. ஒரு பருவத்தில் ஓரிரு பறவைதான், மூன்று தோட்டாவுக்கு மேல் செலவில்லை என்று அவர் வாதாடியதும் நியாயம். ஆனால் அவரிடம் இருப்பது 12 போர் துவக்கு, ஈயத்துக்குத் தடையில்லாத மாநிலம்.

பெரிய கடதாசியில் 10 அங்குல வட்டம் கீறி, 20, 30, 40 யாரில் மலிவுத் தோட்டாவால் ஒவ்வொரு வெடி வைத்து ஓட்டைகளை எண்ணச் சொன்னோம். வட்டத்துக்குள் நூறு விழுந்தால் போதும் என்பது அவர்கள் வழக்கம். நேற்று படம் வந்தது. 30இல் வட்டம் நிறைந்திருக்கிறது. 40இல் ஒரு பக்கம் வெறுமை.

"அப்ப 30க்கு மேல சுட மாட்டன் சேர்" என்று எழுதியிருக்கிறார்.