அடிக்கிறவனை யாரு அடிக்கிறாங்க?

எங்க அம்பத்தூர், ஆவடி பக்கம் ஸ்கூல் வாசல்ல நாலு பெத்தவங்க சேர்ந்து நின்னா, பேச்சு கடைசில இங்கதான் வந்து நிக்குது: "அந்தப் பையன் சரியான ரவுடிங்க. டி.சி. குடுத்து அனுப்பணும்." எனக்கு இதுல உடன்பாடு இல்லை.

காலைல ஸ்கூல் வேனைக் கொஞ்சம் கவனிங்க. ஒன்பதாவது படிக்கிறவன் ஆறாவது பையன் மண்டையில தட்டி ஜன்னல் சீட்டைப் புடுங்குவான். ரெண்டு ஸ்டாப்பிங் தள்ளி, அதே ஆறாவது பையன் ஒரு ரெண்டாங்கிளாஸ் வாண்டோட வாட்டர் பாட்டிலைப் புடுங்குவான். அவன் வில்லனா, பாவமா? ரெண்டும்தான்! அந்த வாண்டோட அம்மா கண்ணுக்கு மட்டும் ஒரு பாதிதான் தெரியும்.

அதிகமா உடைஞ்சு போறது இந்த மாதிரிப் பசங்கதான். அமெரிக்காவுல, நார்த் கரோலினா மாநிலத்துல, 1,420 பிள்ளைங்களை இருபது வயசு தாண்டுற வரைக்கும் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு ஒண்ணு 2013ல வெளியாச்சு. கொடுமையை அனுபவிக்க மட்டும் செஞ்சவங்களுக்குப் பெரியவங்களானப்புறம் பதட்ட நோய்கள் அதிகம். அனுபவிச்சு, அடுத்தவனுக்கும் செஞ்சவங்களுக்கு அதுக்கும் மேல மனச்சோர்வு, திடீர் பீதி. ஆண்கள்ல தற்கொலை எண்ணமும் அதிகம். வீட்டுக் கஷ்டங்களைக் கணக்குல எடுத்துக்கிட்டுப் பார்த்தப்பவும் முடிவு மாறலை.

நமக்கு இது புதுசும் இல்லை. 1996ல மருத்துவ மாணவர் நாவரசு கொலையாகி, 1997ல தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. அதுக்கப்புறமும் ராகிங் பண்ற சீனியர்கள் சொல்ற சமாதானம் என்ன? "எங்களையும் பண்ணாங்கல்ல?" வேன்ல நடக்கிறதும் அதே கணக்குதான்.

சரி, டி.சி. குடுத்துட்டா? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது முடிக்கிற வரைக்கும் பிள்ளையை ஸ்கூலை விட்டு வெளியேத்தவே கூடாது. ஆசிரியர் அடிக்கவும் கூடாது. அடிச்சுத் திருத்தினா அவனுக்குப் புரியறது ஒண்ணே ஒண்ணுதான்: பலம் இருக்கறவன் அடிக்கலாம்.

அதுக்காக அவனைக் கொஞ்சச் சொல்லலைங்க. முதல்ல அடி வாங்கின குழந்தைக்குப் பாதுகாப்பு. செஞ்சது தப்புன்னு இவனுக்கும் தெளிவாத் தெரியணும். ஆனா "ஏன்டா அடிச்சே?"யோட நிறுத்தாம, தனியா உக்கார வெச்சு, "உன்னை யாருப்பா அடிக்கிறாங்க?"ன்னும் கேளுங்க. பதில் வேன்ல இருக்கலாம், கிளாஸ்ல இருக்கலாம், வீட்டுலயே இருக்கலாம். வீட்டுல, வெளியிலன்னு எங்க ஆபத்துன்னாலும் குழந்தைகளுக்கு 1098 இருக்கு.

அந்தக் கேள்வியைக் கேக்காம டி.சி. குடுத்தா, பையன் பூந்தமல்லியில வேற ஸ்கூல்ல சேருவான். அங்கயும் ஒரு ரெண்டாங்கிளாஸ் வாண்டு இருக்கும்.