நடக்கத் தொடங்கிய பின்னும் தீராத நோய்

பக்கவாதம் கண்டவர் தடியூன்றி நான்கு அடி வைத்துவிட்டால் இல்லத்தார் இறைவனுக்கு நன்றி சொல்கின்றனர். மருத்துவமனையும் தன் கடமை முடிந்ததென வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. கால் தேறியதைக் கொண்டே நோய் தேறியதென முடிவுகட்டும் இவ்வழக்கம் பெருந்தீங்கு விளைவிப்பது. சில திங்கள் கழித்து அவர் உணவை வெறுக்கிறார்; பேச்சைக் குறைக்கிறார்; வரவு செலவுக் கணக்கில் தடுமாறுகிறார். பிடிவாதம் என்றும் முதுமை என்றும் வீட்டார் அதற்குப் பெயரிடுகின்றனர். அது நோயின் தொடர்ச்சி என எடுத்துரைக்க அருகில் எவரும் இல்லை.

பக்கவாதம் வந்தவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவரை மனச்சோர்வு பற்றுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு முடிவு. மறதிநோயின் கணக்கும் அச்சம் தருவதே. முதல் தாக்குதலுக்குப்பின் பத்தில் ஒருவர் புதிதாக அந்நோய்க்கு ஆளாகின்றனர். மீண்டும் தாக்குண்டோரில் மூவரில் ஒருவருக்கு மேல் அந்நிலை எய்துகின்றனர் என 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் தொகுத்துரைத்தனர்.

கைகால் வலுவிழந்தவர் கவலைப்படுவது இயல்புதானே என்பர். துயரம் இயல்பே, ஆயினும் துயரம் மட்டுமே காரணமன்று. குருதியோட்டம் தடைபட்டு மூளையின் ஒரு பகுதி மடியும்போது, அங்குள்ள காவலணுக்களான மைக்ரோகிளியா கிளர்ந்தெழுகின்றன; குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு தளர, வெள்ளணுக்கள் உள்ளே புகுகின்றன. அழற்சி எனப்படும் இக்கிளர்ச்சி மடிந்த திசுவை அகற்றத் தேவை. பணி முடிந்தும் அது அடங்காதிருப்பதே கேடு. 2015-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை எலிகளிடம் கண்டனர். தாக்குதல் நேர்ந்து சில வாரங்களுக்குப் பின் பி வகை நிணவணுக்கள் காயத்தில் குவிந்தன. தொடக்கத்தில் குன்றாதிருந்த நினைவாற்றல் அதன்பின் குன்றியது. அவ்வணுக்கள் இல்லாத எலிகளிடம் அக்குறை தோன்றவில்லை.

அழற்சி மனத்தையும் வாட்டும் என்பதற்கு வலிய சான்று வேறொரு நோயிலிருந்து கிடைத்தது. சி வகைக் கல்லீரல் அழற்சிக்கு முன்னாளில் இன்டர்ஃபெரான் ஊசி இட்டனர். நோயெதிர்ப்பைத் தூண்டும் அம்மருந்தால் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மனச்சோர்வுற்றனர். மனநிலையைப் பேணும் செரட்டோனின் உருவாவதற்கான டிரிப்டோஃபேனை அழற்சி வேறு வழிக்குத் திருப்பிவிடுகிறது. பக்கவாதத்துக்குப்பின் மனச்சோர்வுற்றோரின் குருதியிலும் இன்டர்லியூகின்-6 முதலிய அழற்சிப் பொருள்கள் மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

அழற்சியே முழுக் காரணம் என அறுதியிடும் காலம் இன்னும் வரவில்லை. அழற்சி என்றதும் மருந்துக்கடையில் வலிமாத்திரை வாங்கி உண்ணத் தலைப்படுவோர் நிற்க வேண்டும். அவற்றுள் பல குருதிக்கசிவுக்கு வழிகோலுவன, மறுதாக்குதலின் இடரையும் கூட்டுவன. எல்லார்க்கும் ஒரே மாத்திரை என்னும் வழியும் பயன் தரவில்லை. பிரிட்டனில் பக்கவாதம் கண்ட 3,127 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் கொடுத்த ஃபுளுவாக்ஸெட்டின் என்னும் மனச்சோர்வு மருந்து அச்சோர்வைக் குறைத்தது. ஆனால் அன்றாடச் செயல்திறனை உயர்த்தவில்லை, எலும்பு முறிவையும் மிகுவித்தது. ஆதலின் எவர் சோர்ந்திருக்கிறார் எனக் கண்டறிந்து அவர்க்கு மட்டும் மருத்துவம் செய்வதே நெறி.

கண்டறிவதற்கான கட்டமைப்பு தமிழகத்தில் ஆயத்தமாக உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் இல்லந்தோறும் சென்று குருதியழுத்தம் பார்க்கின்றனர். இயன்முறை மருத்துவமும் வீட்டு வாயிலுக்கே செல்கிறது. இரு வாரங்களாக மனம் சோர்ந்திருக்கிறதா, எதிலும் நாட்டம் அற்றுப்போயிற்றா என்னும் இரு வினாக்களையும் நினைவாற்றல் பற்றிய எளிய சோதனை ஒன்றையும் பக்கவாதம் கண்ட ஒவ்வொருவரிடமும் அவர்கள் மேற்கொள்ளுமாறு அரசு ஆணையிட வேண்டும். ஐயத்துக்குரியோரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்புவதும் அவ்வாணையில் இடம்பெற வேண்டும். பேச்சிழந்தோர் இவ்வினாக்களுக்கு விடை கூற இயலார். சோர்வு அவர்களிடமே மிகுதியாகக் கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. அவர்களது உறக்கம், உணவு, அழுகை ஆகியவற்றை உடனிருந்து பேணுவோரிடம் கேட்டெழுத வினாப்படிவத்தில் தனியிடம் ஒதுக்க வேண்டும்.