ஒரே வேதனைக்கு இரண்டு சீட்டுகள்

பிள்ளையின் துன்பத்தை ‘அடம்’ என்கிறோம். தாயின் மனச்சோர்வைச் ‘சோம்பல்’ என்கிறோம். ‘தாயைப் போல பிள்ளை’ என்று பழியையும் அவள் தலையில் கட்டுகிறோம்.

மருத்துவமோ இருவரையும் இரு சீட்டுகளாக்குகிறது. திருவனந்தபுரத்தில் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரி வளாகத்துக் குழந்தை வளர்ச்சி மையம். தாய்க்கு ஊளம்பாறை மனநல மையம். சோர்ந்தவளிடம் வளர்ப்புப் பயிற்சி சொல்லி அனுப்பினால், வீட்டில் அதைச் செய்வது யார்?

தாயின் மனச்சோர்வு நீங்கியபோது பிள்ளைகளின் அறிகுறிகளும் குறைந்ததை 2006இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. உள்நோயாளியான தாயிடமிருந்து மூன்று வயது நிரம்பாத குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அங்கே பிரிக்கலாகாதவர்களைப் புறநோயாளிப் பிரிவில் பிரிப்பது என்ன நியாயம்?

பிள்ளையின் அடத்தை விசாரிக்கும் அறையிலேயே தாயின் உறக்கத்தையும் விசாரியுங்கள். இருவருக்கும் சிகிச்சையை ஒன்றாகத் தொடங்குங்கள்.