கண்டறியாத கொரியன் நாடகமும் ஒரு சிவப்புக் கைநுனியும்

போன மாசம் எங்கட வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் வந்திருந்தார். நான் லப்ரொப்பில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தன். எட்டிப் பாத்திட்டு, “உந்தக் கண்டறியாத கொரியன் நாடகத்தைப் பாத்து என்ன பிள்ளை பிரயோசனம்?” எண்டு கேட்டார். கேட்டவர் அதுக்கு முதல் ரெண்டு மணித்தியாலம் எங்கட ஹோலில் இருந்து கிரிக்கெட் பாத்தவர். இடையில் தேத்தண்ணியும் கேட்டு வாங்கிக் குடிச்சவர். அவரிட்ட அதால என்ன பிரயோசனம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

நானும் கேக்கேல்லை. வழமையாச் சொல்லுற பதிலைத்தான் சொன்னன்: “சும்மா ஒண்டு மாமா, பொழுது போகேல்லை.”

அந்தச் ‘சும்மா’ பிறகு எனக்குச் சரியான எரிச்சலாக இருந்தது. ஏனெண்டால் அது பொய். நான் சும்மா பார்க்கவில்லை. ஒரு காட்சியை நிப்பாட்டி, பின்னுக்குப் போட்டு, கதாநாயகியின் சட்டைக் கையை உத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்களின் ரசனை ‘அறிவு’ என்றும் பெண்களின் ரசனை ‘பொழுதுபோக்கு’ என்றும் கணக்கெழுதுகிற வழக்கத்துக்கு நாங்களே ‘சும்மா’ என்று சொல்லிக் கையெழுத்து வைத்துக் கொடுக்கிறோம். இந்தக் கட்டுரை அந்தக் கையெழுத்தைத் திருப்பி வாங்குவதற்காக.

நான் பார்த்துக்கொண்டிருந்தது ‘றெட் ஸ்லீவ்’. 2021 நவம்பரில் தொடங்கி 2022 புதுவருஷத்தோடு முடிந்த, எம்பிசி தொலைக்காட்சியின் 17 பகுதி நாடகம். 18ஆம் நூற்றாண்டுக் கொரியாவில், ஜொசொன் அரண்மனையில் நடக்கிற கதை. பட்டத்து இளவரசன் ஈ சான், பிறகு ஜொங்ஜோ என்ற பெயரில் அரசனாகிறவன். அவனுக்கும் சொங் தொக்-இம் என்கிற அரண்மனைப் பணிப்பெண்ணுக்கும் இடையிலான உறவுதான் கதை. ரெண்டு பேரும் வரலாற்றில் இருந்தவர்கள்.

தலைப்பே ஒரு துணித்துண்டு. கொரிய மொழியில் அதன் பொருள் ‘சட்டைக் கையின் சிவப்பு நுனி’. அரண்மனைப் பணிப்பெண்களின் மேற்சட்டைக் கையின் நுனியில் வேறு நிறத்தில் ஒரு பட்டி வைத்துத் தைத்திருக்கும். இந்தப் பெண்கள் எல்லாரும் ‘அரசனின் பெண்கள்’. அரசன் திரும்பிப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வேறு ஒருத்தரையும் கல்யாணம் செய்ய முடியாது. சின்னப் பிள்ளையாக அரண்மனைக்குள் வந்து, பயிற்சி முடித்து, வயசு வந்தபிறகு ஒரு சடங்கு செய்வார்கள். கல்யாணம் மாதிரியே அலங்காரம் எல்லாம் இருக்கும். மாப்பிள்ளை மட்டும் இருக்கமாட்டார்.

இது தெரிந்த பிறகு அந்தச் சிவப்பு நுனி கண்ணுக்கு வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது. அவள் புத்தகத்தைப் புரட்டும்போதும், சிநேகிதிகளோடு சிரிக்கும்போதும், அரசனுக்குத் தேத்தண்ணி வைக்கும்போதும் அது கையோடு கூடவே வருகிறது.

அரண்மனைக்கு வெளியிலும் ஹன்பொக் உடை ஒரு பெண்ணின் சங்கதியை ஊருக்கே சொல்லும். கைநுனி கருநீலம் என்றால் அவளுக்கு மகன் இருக்கிறான். மார்பில் கட்டுகிற நாடா ஊதாச் சிவப்பு என்றால் புருஷன் உயிரோடு இருக்கிறான். எங்களுக்கு இதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பொட்டு, தாலி, வெள்ளைச் சீலை என்று பெண்ணின் உடம்பில் குடும்ப விபரத்தை வாசிக்கிற ஊரிலிருந்துதான் நாங்களும் வாறம். ஒரு அழகான உடையைப் பார்த்து ‘ஐயோ வடிவு’ என்று சொல்லுகிற அதே வாயால் ‘ஐயோ பாவம்’ என்றும் சொல்லவைத்தது இந்த நாடகம்.

என்னைவிட அம்மாதான் நல்லாய்ப் பார்த்தா. அம்மா வீட்டில் தையல் மெஷின் வைச்சு ஊர்ச்சனத்துக்குச் சட்டை தைக்கிறவ. கொரியன் நாடகம் எண்டால் முதல் முகத்தைச் சுழிச்சவதான். ஒருநாள் பின்னால் நிண்டு பாத்திட்டு, “உந்தக் கைநுனி தனித்துண்டு வைச்சுத் தைச்சிருக்கு என்ன?” எண்டா. நான் தேடி வாசித்ததைச் சொன்னேன். கழுத்தில் வருகிற வெள்ளைப் பட்டி ஊத்தையானால் அதை மட்டும் பிரித்தெடுத்துப் புதுசு வைக்கலாம். அந்தக் காலத்தில் நல்ல உடுப்பைத் தோய்க்க முதல் தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக்கித் தோய்த்து, காயவைத்து, கட்டையால் அடித்து மினுக்கி, பிறகு திருப்பித் தைப்பார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. “ஒவ்வொரு தரமுமோ?”

“ஓம்.”

“அப்ப அங்கத்தைப் பொம்பிளையளுக்கு வேற வேலையே இல்லையோ?”

வேறு வேலை செய்யவிடவில்லை என்பதுதான் உண்மை. கோடைக்கு உடுத்துகிற மோசி என்கிற மெல்லிய துணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செடியின் தண்டிலிருந்து நாரை உரித்து, பல்லால் கடித்து இழை இழையாகக் கிழித்து, எச்சில் தொட்டு மடியில் உருட்டி நூலாக்குவார்கள். ஹன்சான் ஊரின் மோசி நெசவை யுனெஸ்கோ 2011இல் மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தாயிடமிருந்து மகளுக்கும் மாமியிடமிருந்து மருமகளுக்கும் வந்த தொழில். திரையில் நாங்கள் நிப்பாட்டிப் பார்க்கிற அந்தக் கண்ணாடி மாதிரித் துணிக்குப் பின்னால் ஆரோ ஒருத்தியின் உதடும் பல்லும் இருக்கிறது.

இனி, மாமாவின் கேள்விக்கு வருவோம். அந்தக் கேள்வி புதுசில்லை. கிட்டத்தட்ட 250 வருஷம் பழசு. அதையும் கேட்டது கொரியாவில்தான்.

18ஆம் நூற்றாண்டுக் கொரியப் பெண்களுக்கு நாவல் பைத்தியம் பிடித்திருந்தது. ஆண் அறிஞர்கள் சீன எழுத்தில் எழுத, கொரிய எழுத்தில் நீண்ட நீண்ட கதைகள் கையெழுத்துப் பிரதிகளாகப் பெண்களுக்குள் சுத்திக்கொண்டிருந்தன. வாடகைக்குக் கதை கொடுக்கிற கடைகளும் இருந்தன. பிறகு ஜொங்ஜோவின் முதன்மை அமைச்சராக வந்த சே ஜே-கொங், பெண்கள் கொண்டை ஊசியையும் காப்பையும் வித்து, இல்லாவிட்டால் கடன்பட்டு, கதை வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். ஈ தொக்-மு என்ற அறிஞர் 1775இல் எழுதிய ஒழுக்க நூலில், கதைப் புத்தகம் வாசிக்கிற பெண்கள் வீட்டு வேலையையும் நெசவையும் கவனிக்கிறதில்லை என்று குறைப்பட்டார்.

பாருங்கோ, அவருக்குப் பிரச்சினை கதையில் மட்டும் இல்லை. வாசிக்கிற நேரத்தில் துணி நெய்யலாமே என்கிற கணக்கும் இருக்கிறது. பெண்ணின் நேரம் அவளுடையதல்ல. அதுதான் ‘என்ன பிரயோசனம்’ என்கிற கேள்வியின் உள்ளடக்கம்.

இதற்குள் ஒரு நல்ல பகிடியும் உண்டு. உண்மையான சொங் தொக்-இம் ஒரு கதை ரசிகை. 1773இல் ‘க்வாக்-ஜாங் இரு குடும்பக் கதை’ போன்ற ஒரு நீண்ட குடும்ப நாவலை, ஈ சானின் சகோதரிகளோடும் மற்றப் பணிப்பெண்களோடும் சேர்ந்து, பத்துப் புத்தகமாகக் கையால் பிரதி எடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. இன்றைக்கு நாங்கள் சப்டைட்டில் தேடித் தரவிறக்கிச் சிநேகிதிக்கு அனுப்புவது மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அவளைக் காதலித்த ஜொங்ஜோவோ நாவல் என்றாலே முகம் சுழிக்கிற ஆள். 1792இல் நாவல் நடையில் எழுதுகிற அறிஞர்களைத் திருத்துவதற்கு ஒரு இயக்கமே நடத்தினவர். உலகத்தில் எத்தினை வீட்டில் இந்தச் சோடி இருக்கு!

நாடகமும் இந்தப் பகிடியை விடவில்லை. அதில் தொக்-இம் சக பணிப்பெண்களுக்குக் கதை வாசித்துக் காட்டி, பிரதி எடுத்துக் காசு சேர்க்கிறவள். இளவரசனை ஆரென்று தெரியாமல் அவனோடு சண்டை பிடிக்கிறாள், ரெண்டு பேரும் குளத்துக்குள் விழுகிறார்கள். அவன் அவளை மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லி, எழுதி எழுதிக் கொண்டுவர, திருப்பித் திருப்பி நிராகரிக்கிறான். நாட்டை ஆளப்போகிறவன் ஒரு பெண்ணின் கட்டுரைக்குப் புள்ளி குறைக்கிற வாத்தியார் மாதிரி இருந்து கடுகடுக்கிறதைப் பார்த்து அம்மா கண்ணில் தண்ணி வரச் சிரிச்சா. அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கப் பழக்குகிற நகைச்சுவை இது.

இப்படிச் சொல்வதால் நான் கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். கொரியன் நாடகத்தைக் கேலி பண்ண எங்களைவிட ஆளில்லை. நல்ல சந்தோஷமான நேரத்தில் ஒரு லொறி வந்து ஆரையாவது அடிக்கும். பிறகு ஞாபகம் போயிடும். கதாநாயகிக்கு வாடகை கட்டக் காசு இருக்காது, ஆனா ஒவ்வொரு காட்சிக்கும் புதுக் கோட் இருக்கும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதைக் காதல் என்று காட்டின நாடகங்கள் எத்தினையோ. எங்கட சிநேகிதிகள் கூட்டத்தில் பாதிச் சிரிப்பு இதுகளைப் பற்றித்தான்.

‘றெட் ஸ்லீவ்’ மேலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. தொக்-இம் 1786இல் இறந்தபிறகு ஜொங்ஜோ தானே எழுதிய கல்லறைக் குறிப்பில், அவள் தன்னை ரெண்டுமுறை மறுத்தாள் என்று பதிவு செய்திருக்கிறான். முதல் தரம் விட்டுக்கொடுத்தான். பதினைந்து வருஷம் கழித்து ரெண்டாம் தரம் மறுத்தபோது, அவளின் பணியாளைத் தண்டித்தபிறகுதான் அவள் இணங்கினாள். அவளின் பக்கத்துக் குறிப்பு ஒன்றும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நாடகம் அவளுக்கு ஒரு மனசு கொடுத்து, ‘நான் விரும்பினால்தான்’ என்று நிற்கவைக்கப் பார்க்கிறது. அது நல்லது. ஆனால் அதைப் பெரிய காதல் கதையாக்கி எங்களை அழவைக்கும்போது அந்தத் தண்டனை மங்கிப்போகிறது. நான் அழுதனான். அழுது முடிச்சு இதையும் யோசிச்சனான். ரெண்டும் ஒரே ரசிகை செய்கிற வேலைதான்.

நாடகம் முடிந்த இரவு அம்மா ஒரு கதை சொன்னா. கல்யாணம் கட்டி வந்த புதிசில் அம்மாவுக்கு ரமணிசந்திரன் நாவல் எண்டால் உயிராம். அம்மம்மா வீட்டுச் சிநேகிதிகள் கைமாத்திக் கைமாத்தி அனுப்புவினமாம். இஞ்ச வீட்டில் ஆரும் பேசிப்போடுவினம் எண்ட பயத்தில் தையல் மெஷின் லாச்சிக்குள்ள, வெட்டுத்துண்டுகளுக்குக் கீழ வைச்சு, தைக்கிற மாதிரி இருந்து வாசிச்சவவாம். ஒருநாள் பிடிபட்டு, “என்ன வாசிக்கிறாய்?” எண்டு கேட்டதுக்கு, “சும்மா ஒண்டு” எண்டு சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தனுப்பினதோட வாசிப்பும் நிண்டுபோச்சாம்.

அம்மா இதைச் சாதாரணமாய்த்தான் சொன்னா. எனக்குத்தான் தொண்டை அடைச்சது. ஒரு ‘சும்மா’வால் இருபத்தைஞ்சு வருஷம் போயிருக்கு.

ஆனபடியால் ஒரு சின்ன வேண்டுகோள். என்ன பார்க்கிறாய் என்று ஆராவது கேட்டால் நாடகத்தின் பேரைச் சொல்லுங்கோ. ஏன் பிடிக்கும் என்று சொல்லுங்கோ. அந்தத் துணி எப்படி நெய்தது, எந்த இடத்தில் சிரிச்சனீங்கள், எந்த இடத்தில் கோவம் வந்தது என்று கேட்டவர் அலுத்துப்போகிற வரைக்கும் சொல்லுங்கோ. கிரிக்கெட் பார்க்கிறவர்கள் எங்களுக்கு அதைத்தானே இவ்வளவு காலமும் செய்யினம்.

மாமா திரும்ப வருவார். இந்தமுறை பதில் சொல்லப்போவது நானில்லை, அம்மா. அவவுக்கு இப்ப ஆறாவது நாடகம் ஓடுது.