காணாமல் போன விமானி... தேடப் போன நண்பர் திரும்பவே இல்லை! - 'ஸ்மித்தி'யின் கதை

ஆஸ்திரேலியாவில் 1966-ல் வெளியான 20 டாலர் நோட்டில் ஒரு விமானியின் முகம் இருந்தது. சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித். மக்களுக்குச் செல்லமாக 'ஸ்மித்தி'. சிட்னி விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான். ஆனால், அந்தப் புகழுக்குப் பின்னால் ஒரு வலி உண்டு.

1897-ல் பிரிஸ்பேனில் பிறந்தவர். முதல் உலகப் போரில் கலிப்போலி களத்தில் மோட்டார் சைக்கிளில் தகவல் கொண்டு செல்லும் வீரர். பிறகு பிரிட்டிஷ் விமானப் படைக்கு மாறினார். 1917-ல் வானில் நடந்த சண்டையில் குண்டு பாய்ந்து இடது காலின் விரல்களில் சிலவற்றை இழந்தார். வீரத்துக்கான 'மிலிட்டரி கிராஸ்' பதக்கம் கிடைத்தது.

போர் முடிந்தது, பறக்கும் ஆசை மட்டும் முடியவில்லை. 1928 மே 31, அமெரிக்காவின் ஓக்லாந்து. 'சதர்ன் கிராஸ்' என்ற மூன்று இன்ஜின் விமானத்தில் சார்லஸ் உல்ம் உள்ளிட்ட மூவருடன் கிளம்பினார். ஹவாயிலிருந்து ஃபிஜி வரை மட்டும் 5,000 கி.மீ-க்கு மேல். நடுவில் இறங்க இடமில்லை, 34 மணி நேரத்துக்கும் அதிகமாகக் கடல்தான். ஜூன் 9-ல் பிரிஸ்பேனில் இறங்கியபோது பசிபிக்கை அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பறந்து கடந்த முதல் விமானம் அது. வரவேற்க ஊரே திரண்டது.

அடுத்த ஆண்டே சோதனை. 1929 மார்ச் இறுதியில் இங்கிலாந்துக்குக் கிளம்பிய சதர்ன் கிராஸ், மோசமான வானிலையில் வழி தவறி, வடமேற்கு ஆஸ்திரேலியாவின் சேற்று நிலத்தில் இறங்கியது. சாப்பாடு இல்லை. காபியும் பிராந்தியும்தான் கையில் இருந்தன. நாடே தேடியது.

தேடப் போனவர்களில் ஒருவர் கீத் ஆண்டர்சன். ஸ்மித்தியின் பழைய கூட்டாளி. பசிபிக் பயணத்தைச் சேர்ந்து திட்டமிட்டவர், கடைசியில் அதில் இடம்பெறாமல் போனவர். அந்த மனக்கசப்பு நீதிமன்றம் வரை போயிருந்தது. ஆனாலும், நண்பனைக் காணவில்லை என்றதும் மெக்கானிக் பாப் ஹிட்ச்காக்குடன் 'கூகாபரா' என்ற குட்டி விமானத்தில் கிளம்பிவிட்டார். டனாமி பாலைவனத்தில் விமானம் பழுதாகி இறங்க, மீண்டும் மேலேற முடியவில்லை. தண்ணீர் இல்லாமல் இருவரும் இறந்துபோனார்கள்.

ஏப்ரல் 12-ல் ஸ்மித்தி குழுவினர் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டார்கள். 'விளம்பரத்துக்காக வேண்டுமென்றே காணாமல் போனார்கள்' என்று வதந்தி கிளம்பியது. விசாரணைக் குழு குற்றமில்லை என்றது. ஊர் வாய் அவ்வளவு சீக்கிரம் ஓயவில்லை.

உல்முடன் சேர்ந்து பயணிகள் விமான நிறுவனமும் நடத்தினார் ஸ்மித்தி. 1931 மார்ச் 21, சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு 8 பேருடன் கிளம்பிய அவர்களின் 'சதர்ன் கிளவுட்' புயலில் மறைந்தது. வானிலை மோசமாகிறது என்று விமானிக்குச் சொல்ல வழியில்லை, அதில் ரேடியோவே கிடையாது! பனிமலையில் அதன் சிதைவுகள் கிடைத்தது 1958-ல்தான். நிறுவனம் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது.

1935 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் சாதனைப் பயணம். இணை விமானி டாமி பெதிபிரிட்ஜ். நம் அலகாபாத்தில் இறங்கி, மறுபடி சிங்கப்பூரை நோக்கிப் பறந்தார்கள். நவம்பர் 8 அதிகாலை, பர்மா கடலோரம் விமானம் மாயமானது. ஸ்மித்திக்கு வயது 38. வீட்டில் மனைவி மேரியும், 3 வயது நிறையாத மகனும் காத்திருந்தார்கள்.

1937-ல் பர்மா கடலோரத் தீவு ஒன்றில் விமானத்தின் சக்கரம் ஒன்று ஒதுங்கியது. டயரில் காற்று அப்படியே இருந்தது. ஸ்மித்தி மட்டும் கிடைக்கவே இல்லை. அவரைத் தேடப் போய் உயிர்விட்ட ஆண்டர்சனுக்கு ஒரு கல்லறையாவது உண்டு. ஸ்மித்திக்கு அதுவும் இல்லை, கடல்தான்.