ஊட்டியில் 77 என்றால் சரி!

டீசல் வண்டி மலையில் இழுக்கவில்லை என்றால் நீலகிரியில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். டர்போ போய்விட்டது என்பார் ஒருவர். டீசலில் கலப்படம் என்பார் இன்னொருவர். "மலைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பி வைப்பவர்களும் உண்டு. இந்த மூன்றுமே சில நேரங்களில் உண்மைதான். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னப் பொருளைக் கழற்றிப் பார்க்காமல் இதில் எதையும் முடிவு செய்யக் கூடாது. அதுதான் மேப் சென்சார் என்று சொல்லப்படும் காற்றழுத்த சென்சார்.

கழற்றிப் பார்த்தால் மட்டும் போதாது. அது காட்டும் எண்ணை மலைக் கணக்கில் படிக்கத் தெரிய வேண்டும். சமவெளிக் கணக்கில் படித்தால் நல்ல சென்சார் குப்பைக்குப் போகும், கெட்ட சென்சார் வண்டியிலேயே இருக்கும்!

மலை ஏறினால் என்ன ஆகிறது?

1648-ல் பிரான்ஸ் நாட்டில் பாஸ்கல் என்ற அறிஞர் கேட்டுக்கொண்டபடி, அவருடைய அக்காள் கணவர் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஒரு மலை ஏறினார். உச்சியில் பாதரசத்தின் மட்டம் இறங்கியிருந்தது. உயரம் கூடினால் தலைக்கு மேலிருக்கும் காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. அந்தப் பாஸ்கலின் பெயரில்தான் இன்றைக்கும் அழுத்தத்தை அளக்கிறோம்.

நீலகிரிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 325 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் சுமார் 97. குன்னூரில் (1,850 மீட்டர்) சுமார் 81. ஊட்டியில் (2,240 மீட்டர்) சுமார் 77. அதாவது மேட்டுப்பாளையத்தில் கிளம்பி ஊட்டி போய்ச் சேர்வதற்குள் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் காணாமல் போகிறது!

டர்போ இல்லாத பழைய டீசல் வண்டிகளுக்கு இது தெரியாது. பம்ப் வழக்கமான அளவு டீசலைத் தள்ளும், எரிக்கக் காற்று போதாது, கரும்புகை வரும். இன்றைய வண்டிகளில் இ.சி.யூ. என்ற கணினி காற்றைப் பார்த்து டீசலை அளந்து விடுகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தை அறியப் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு சென்சார் இருக்கும். டர்போ அமுக்கித் தரும் காற்றை அளப்பது இன்டேக் பகுதியில் இருக்கும் மேப் சென்சார். அதற்குள் ஒரு மெல்லிய சிலிக்கான் சவ்வு. அழுத்தத்தில் அது வளையும்போது மின்தடை மாறும், அதற்கேற்ப வெளிவரும் வோல்டேஜும் மாறும். அவ்வளவுதான் விஷயம்.

எப்படிக் கெடுகிறது?

பெரும்பாலும் கெடுவதில்லை, அடைத்துக்கொள்கிறது! புகையின் ஒரு பகுதியை இ.ஜி.ஆர். மறுபடி எஞ்சினுக்கே அனுப்புகிறது. அந்தக் கரியும் எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி சென்சார் துளையில் அப்பிக்கொள்கின்றன. அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினால் இ.சி.யூ. டீசலைக் குறைக்கும், வண்டி இழுக்காது. கூட்டிக் காட்டினால் டீசல் அதிகமாகும், புகை வரும். கணக்கே ஒத்துவராவிட்டால் லிம்ப் மோட் என்ற பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். பின்னால் பாரம் ஏற்றிய லாரி வர, கொண்டை ஊசி வளைவில் வண்டி சட்டென்று பலம் இழந்தால் என்ன ஆகும்?

தோட்டத்துப் பிக்கப் வண்டிகளுக்கு இதில் வேறொரு நஷ்டமும் உண்டு. பறித்த பச்சைத் தேயிலை மூட்டையிலேயே அதிக நேரம் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். வண்டி வழியில் நின்றால் இலைக்கும் விலை போச்சு.

எண்ணைப் படிப்பது எப்படி?

சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது மேப் சென்சார் வெளிக்காற்றைத்தான் காட்ட வேண்டும். ஊட்டியில் 77-ஐ ஒட்டி இருந்தால் அது சரியான சென்சார். சமவெளியில் 97, 98 என்று பார்த்துப் பழகியவர் இதைக் கண்டதும் "சென்சார் டவுன்" என்று புதிதாக மாற்றச் சொல்லக்கூடும். புதிதும் 77-தான் காட்டும்! ஊட்டியில் நின்றுகொண்டு 100 காட்டும் சென்சாரைத்தான் சந்தேகப்பட வேண்டும். இ.சி.யூ.வின் வெளிக்காற்று அளவும் ஸ்கேனரில் தெரிந்தால் இரண்டையும் ஒப்பிடலாம்.

எஞ்சின் நிற்கும்போது சரியாகக் காட்டினாலும், துளை பாதி அடைத்திருந்தால் ஓடும்போது எண் மெதுவாகத்தான் ஏறும். அதனால் மேட்டில் ஓட்டியும் பார்க்க வேண்டும்.

பராமரிப்பு

1. சென்சாரைக் கழற்றி, எலக்ட்ரானிக் பாகங்களுக்கான கிளீனர் ஸ்ப்ரேயால் கழுவி, தானாகக் காய விடவும்.
2. ஊசி, கம்பி வைத்துக் குத்தக் கூடாது. கம்ப்ரஸர் காற்றைத் துளைக்குள் அடிக்கக் கூடாது. சவ்வு போய்விடும்.
3. ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றவும். மழைக்காலம் முடிந்ததும் கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கவும்.
4. டர்போ ஓஸில் விரிசலோ கிளிப் தளர்வோ இருந்தால் சென்சாரை மாற்றிப் பயனில்லை. அது உள்ளதைத்தான் சொல்கிறது.
5. ஏர் ஃபில்டரைத் தள்ளிப்போட வேண்டாம். காற்றே குறைவாக இருக்கும் ஊரில் அடைத்த ஃபில்டர் இரட்டைத் தண்டனை.

சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது வைத்தியம் அல்ல. இ.சி.யூ. ஏதோ ஒரு ஊக அளவை வைத்து ஓட்டும். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை உடைப்பது போல!

செய்ய வேண்டியது

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். எத்தனை வண்டி என்று எண்ணியது நல்லதுதான். ஆனால் அவை எந்த நிலையில் ஏறுகின்றன என்பதும் முக்கியம் அல்லவா? அடைத்த சென்சாரோடு புகை கக்கும் ஒரு வண்டி, பின்னால் வரும் அத்தனை வண்டிகளையும் நகர விடாமல் செய்யும்.

சென்சார் எல்லாம் கம்பெனிக்காரர்கள் வைத்த செலவு, பழைய வண்டிதான் நல்லது என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். சென்சாரைப் புரிந்துகொள்ளாமல் மாற்றிக்கொண்டே இருந்தால் செலவுதான். புரிந்துகொண்டால் ஒரு ஸ்ப்ரே டப்பாவும் அரை மணி நேரமும் போதும். டர்போ மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

மலையிலுள்ள ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பிலும் அந்த ஊரின் உயரம், காற்றழுத்தம் இரண்டையும் ஒரு அட்டையில் எழுதி மாட்டட்டும். ஐ.டி.ஐ. பாடத்தில் மலைக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். வண்டிக்காரர்கள் "மாத்தணும்" என்று கேட்டவுடன் தலையாட்டாமல், "எத்தனை காட்டுது?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் செலவு மிச்சமாகும்!